பால் இல்லாத மாசம்

மாசியில் ரப்பர் இலை கொட்டித் தீரும்.
வெட்டு நிற்கும்.
சிரட்டையைக் கவிழ்த்து, கத்தியைச் சாக்கில் சுற்றிவைத்த பிறகும்
விடியக்காலம் மூன்று மணிக்கு
எங்கள் முக்கில் எல்லா வீட்டிலும்
கண் திறந்துகொள்ளும்.
போவதற்குத் தோட்டம் இல்லை,
வருவதற்குத் துட்டும் இல்லை.

அந்த மாசத்தில்தான் பள்ளிக்கூடத்துக்கு
ஆள் கிடைக்கும்.

களியலுக்கு மேலே, ஏற்றம் மூச்சு வாங்கி நிற்கிற இடம்.
இரண்டு வகுப்பறை, ஒரு வராந்தா,
நாற்பத்தொரு பிள்ளைகள்.
மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவி.
தலைவி என்றால்,
கையெழுத்துப் போடுமுன்
விரலிலிருந்து ஒட்டுப்பாலை உரித்தெடுக்க வேண்டியவள்.

தீர்மானம் ஒன்று: ஆண்டு விழாவுக்குள் வெள்ளையடிப்பது.
தீர்மானம் இரண்டு: கழிப்பறைக் கதவு.
போன வருஷமும் அதுதான் இரண்டு.
வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு எத்தனை பேர் என்று
செலின் டீச்சர் கேட்டபோது
எல்லாரும் சுவரைப் பார்த்தோம்.
சுவர் நிஜமாகவே மோசமாக இருந்தது.
வெளியே மஞ்சள் வேன்
நேரம் தவறாமல் ஹாரன் அடித்துப் போனது.

சனிக்கிழமை றசல்ராஜ் ஏணியோடு வந்தான்.
நசீமாவின் வாப்பா சுண்ணாம்பில் நீலம் கலக்கிக் கலக்கி
கடைசியில் வானத்தைவிடக் கூடிப்போனது.
சபையிலிருந்து மைக், அம்மன் கோயிலிலிருந்து நாற்காலி.
இரண்டு இடத்துக்கும் பழைய நாற்காலித் தகராறு உண்டு;
அன்றைக்கு மட்டும்
எவரும் கவிழ்த்துப் பெயர் பார்க்கவில்லை.

திங்கள் காலை மணியைக் காணோம்.
தொங்குகிற தண்டவாளத் துண்டு முழுக்க
தேனீ.
உறுமுகிற ஒரு பலாக்காய்போல.

தளிர் விட்ட தோட்டங்களில்
பூவை நம்பாமல் இலைக்காம்பிலேயே தேன் ஊறும் காலம்.
பெட்டி நிறைந்து, பாதிக் குடும்பம் கிளம்பி
எங்கள் மணியில் வந்து இறங்கியிருக்கிறது.
டீச்சர் சொன்னார்:
“நாப்பத்தொண்ணுதான்னு கணக்கு குடுத்தோம்,
இப்பப் பாருங்க சேர்க்கையை.”

மணி இல்லாமல் பள்ளி நடந்தது.
மூன்றாம் வகுப்பு அபிஷா
டீச்சரின் வாட்சைக் கட்டிக்கொண்டு
வாசலில் நின்று கத்தினாள்:
“ரெண்டாம் பீரியட்டூ!”
அடிவாரத்து டீக்கடையில்
அதைக் கேட்டுப் பால் ஏற்றினார்கள்.

தேன்பெட்டிக்காரர் ஞானதாசனைக் கூப்பிட்டோம்.
அவருடைய இரண்டு பேரும் வேனில் போகிறவர்கள்,
அதனால் எங்கள் படியேறி வந்ததில்லை.
இருட்டட்டும் என்றார். உட்கார்ந்தார்.
ஈரம் காயாத நீலத்தில் சட்டையைச் சாய்த்துவிட்டு
வராந்தாவில் பிள்ளைகள்
வில்லுப்பாட்டு ஒத்திகை பார்ப்பதை
ஒரு மணி நேரம் கேட்டார்.
குடம் இல்லை, வாளியைத் தட்டினார்கள்.
எழுந்து பின்பக்கம் போய், உடனே திரும்பி வந்தார்.
“கதவு இல்லியா?”
“தீர்மானத்துல இருக்கு” என்றேன்.

இருட்டியதும் ராணியைக் கண்டுபிடித்து
இறக்கைக்கு நோகாமல் பெட்டிக்குள் விட்டார்.
“ஒண்ணு உள்ள போனா போதும்,
மிச்சம் தன்னால வந்திரும்.”
டீச்சர் என்னைப் பார்த்தார்.
நான் டீச்சரைப் பார்த்தேன்.
அவர் தேனீயைப் பற்றித்தான் சொன்னார்.

புதன்கிழமை கதவு வந்தது. அயனிப் பலகை.
மறுப்பக்கம் இன்னும் பெட்டி நம்பர் ஏழு என்று இருக்கிறது.

விழா அன்று அவர் கடைசி வரிசையில்,
இளையவனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.
நான் போய் எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாமோ என்னவோ.

இலை முற்றிவிட்டது. நாளை முதல் வெட்டு.
வேன் வந்துகொண்டுதான் இருக்கிறது.
தண்டவாளத் துண்டில் கொஞ்சம் மெழுகு ஒட்டியிருக்கிறது,
அடித்தால் சத்தம் மட்டுப்படுகிறது.
அதனால், அதுதான் காரணம் என்று சொல்லி,
அபிஷா இன்னும்
வாட்சைத் திருப்பிக் கொடுக்கவில்லை.